ஒரு ஜோடிக்கு ரெண்டு பில்

அத்தியாயம் ஆறு

கேப்பர் மலை ஜெயிலில் இருந்த அந்தோணிசாமி அண்ணனை வெளியே கொண்டுவர எங்கள் கையில் மிச்சமிருந்தது செத்துப்போன இரண்டு பேட்டரியும் ஒரு பகல் பொழுதும்தான். மறுநாள் காலை கோர்ட்டில் ஜாமீன் மனு. அது தள்ளுபடியானால், அவர் கடை ஷட்டரில் யாரோ ஒரு புண்ணியவான் கரியால் எழுதிவிட்டுப் போன 'கொலைகாரன்' என்ற வார்த்தை அப்படியே நிலைத்துவிடும். எழுதியவனுக்குக் கையெழுத்து வேறு நன்றாக இருந்து தொலைத்தது.

நான் ஜெனித். மஞ்சக்குப்பத்தில் இருக்கிற எழில் துப்பறியும் நிலையத்தில் உதவியாளர், டிரைவர், டீ வாங்குபவர், எல்லாம் நான்தான். வண்டி கிடையாது என்பதால் டிரைவர் வேலை சுலபம். நிலையத்தின் சொந்தக்காரர் எழிலரசி மேடம். எங்கள் போர்டில் பாதியைப் போன டிசம்பரில் அடித்த 'தானே' புயல் பிடுங்கிக்கொண்டு போய்விட்டதால் இப்போது 'எழில் துப்' என்று மட்டும் தொங்குகிறது. அதைப் பார்த்த பிறகும் ஒருவர் மாடியேறி வருகிறார் என்றால் அவருக்கு வேறு போக்கிடம் இல்லை என்று அர்த்தம்.

அப்படி வந்தவர்தான் சவரியம்மாள் அக்கா, அந்தோணிசாமி அண்ணனின் மனைவி. எங்கள் பங்குக் கோயில் ஆள்.

விவகாரம் இதுதான். சிதம்பரத்தில் பொன்னுரங்கம் என்று ஒரு பெரியவர். நெல்லிக்குப்பம் பக்கம் கரும்பு போட்டு முன்னுக்கு வந்தவர். கடைசிக் காலத்தில் நுரையீரல் கைவிட்டுவிட, காற்றிலிருந்து ஆக்ஸிஜனைப் பிரித்து மூக்குக் குழாயில் அனுப்புகிற மிஷினோடு கட்டிலில் கிடந்தார். மிஷினுக்குக் கரண்ட் வேண்டும். இந்த 2012-ல் எங்கள் மாவட்டத்தில் கரண்ட் என்பது மாப்பிள்ளை வீட்டுக்காரர் மாதிரி, எப்போது வரும், எப்போது கோபித்துக்கொண்டு போகும் என்று சொல்ல முடியாது. அதனால் ஒரு யூ.பி.எஸ். அதற்குள் இரண்டு பேட்டரி. தண்ணீர் ஊற்றுகிற பேட்டரி வாயு கக்கும், மூச்சுத் திணறுகிறவர் அறையில் அது ஆகாது என்று சொல்லி, முழுக்க மூடி சீல் வைத்த ஒரு ஜோடியை அந்தோணிசாமி அண்ணன் பொங்கல் கழிந்ததும் வந்து மாட்டிக் கொடுத்தார். கரண்ட் போனால் இரண்டு மணி நேரம் தாங்கும் என்றார்.

மார்ச் மாதம் ஒரு பட்டப்பகலில் கரண்ட் போனது. கொஞ்ச நேரத்திலேயே மிஷின் நின்றது. அறையில் வேறு யாரும் இல்லை. பெரியவரும் போய்ச் சேர்ந்தார்.

யூ.பி.எஸ்ஸைத் திறந்து பார்த்தால் உள்ளே இருந்த இரண்டு பேட்டரியும் அரதப் பழசு. பழசைப் புதுசு என்று ஏமாற்றி விற்று அப்பாவின் உயிரை வாங்கிவிட்டான் என்று மகன்கள் புகார் கொடுத்தார்கள். மூத்தவர் கதிர்வேல், கீழவீதியில் போட்டோ ஸ்டூடியோ. இளையவர் அருள்முருகன், அண்ணாமலைநகரில் பிரவுசிங் சென்டர். சொத்து பிரித்த நாளிலிருந்து முகம் கொடுத்துப் பேசாத அண்ணனும் தம்பியும் சேர்ந்து செய்த ஒரே காரியம் அந்தப் புகார்தான்.

அன்று காலை நாங்கள் சிதம்பரம் கிளம்பும்போது கடலூர் பஸ் ஸ்டாண்டுக்கே வந்துவிட்டார் சவரியம்மாள் அக்கா. அழுது முடித்து, அழ ஒன்றும் மிச்சமில்லாத முகம்.

"கடையில நீங்களும் உக்காருவீங்களா?" என்று கேட்டார் மேடம்.

"உக்காராம? அவுரு பேட்டரி மாட்ட வெளிய போனா நான்தான் பாத்துக்குவேன். வர்றவங்க எல்லாரும் ஒரே பாட்டுதாம்மா பாடுவாங்க. ரெண்டுல ஒன்னுதான் போச்சு, ஒன்னு மட்டும் குடுன்னுவாங்க. ஒன்னு மட்டும் மாத்தாதீங்கன்னு அவுரு தொண்டத் தண்ணி வத்த சொல்லுவாரு. பழசு பக்கத்துல புதுச வெச்சா பழசு புதுசையும் சேத்து இழுத்துகினு போயிடும். யாரு கேக்கறாங்க? மாட்டிகினு போயி நாலாம் நாளு வந்து எங்களதான் திட்டுவாங்க."

"பொன்னுரங்கம் வீட்டுக்கு ஜோடியாதானே போச்சு?"

"ஜோடியாதான். ஆனா வாங்குன விதம் இருக்கே." அக்கா முந்தானையை இழுத்துக்கொண்டார். "பசங்க ரெண்டு பேரும் எங்க கடைக்குப் பழைய கஸ்டமருங்க. புயலுக்கப்புறம் சிதம்பரத்துல எங்கயும் ஸ்டாக் இல்லன்னு இங்க வந்தாங்க. ஒரே நாளு வந்தாங்க, ஒன்னா வரல. பெரியவன் வந்து ஒரு பேட்டரிக்கு பில் போட்டான். சின்னவன் ரோட்டுக்கு அந்தாண்ட வண்டியிலயே உக்காந்துகினு இருந்து, அண்ணன்காரன் போனப்புறம் உள்ள வந்து இன்னொன்னுக்கு பில் போட்டான். ஒரு ஜோடிக்கு ரெண்டு பில் போட்டது எங்க கடையிலயே அதான் மொதத் தடவ."

பஸ் புதுச்சத்திரம் தாண்டியது. ரோட்டோரம் புயலில் சாய்ந்த சவுக்கு மரங்களை அறுத்து அடுக்கியிருந்தார்கள். சில கிராமங்களில் கம்பம் இன்னும் சாய்ந்தேதான் நின்றது.

"அந்தப் பெரியவருக்குச் சாப்பாடு எப்படி, விசாரிச்சியா ஜெனித்?"

"முறை போட்டுத்தான் மேடம். மாசத்துல மொத பதினஞ்சு நாள் மூத்த மகன் வீடு, அடுத்த பதினஞ்சு நாள் இளைய மகன் வீடு. கூட இருந்து பாத்துக்க செல்லாயின்னு ஒரு அம்மா, கிள்ளை பக்கத்து ஆளு. முறைக்காரர் வீட்டுக்குத் தூக்குச்சட்டியோட போயி சோறு வாங்கிட்டு வரும். அவர் செத்தது அந்த அம்மா சோறு வாங்கப் போன நேரத்துலதான்."

"முப்பத்தொன்னாம் தேதி வந்தா?"

"அதுக்கும் சண்டை போட்டிருப்பாங்க. இல்லன்னா அன்னிக்கு அவரை விரதம் இருக்கச் சொல்லியிருப்பாங்க."

மேடம் சிரிக்கவில்லை. எனக்கும் சிரிப்பு வரவில்லை என்பதுதான் நிஜம். வாய் சும்மா இருக்க மாட்டேன் என்கிறது.

*

சிதம்பரம் போலீஸ் ஸ்டேஷனில் எஸ்.ஐ. சுப்பிரமணியன் எங்களைப் பார்த்ததும் பெருமூச்சு விட்டார். மேடம் இன்சூரன்ஸ் விசாரணை வேலையில் இருந்த காலத்திலிருந்து பழக்கம். நல்ல மனிதர்தான். கேஸ் சீக்கிரம் முடிந்தால் இன்னும் நல்ல மனிதராகிவிடுவார்.

"பாருங்க, தொடாதீங்க," என்று மேஜைக்கு அடியில் காட்டினார். இரண்டு பேட்டரிகளும் அங்கே இருந்தன. ஒன்றின் தலையில் காலி டீ கிளாஸ்.

"ரெண்டுலயும் அந்தோணிசாமி கடை ஸ்டிக்கர் இருக்கு பாத்தீங்களா? வித்த தேதிய அழிச்சிருக்கான்."

"அழிச்சதா, அழிஞ்சதா சார்? பால்பாயிண்ட் பேனாவுல எழுதினது வெயில்ல அதுவா வெளுத்துப்போகும்."

"எதுவா இருந்தா என்ன? பழசு பழசுதானே மேடம்?"

மேடம் தரையில் மண்டியிட்டு டார்ச் அடித்தார். முதல் பேட்டரியைச் சுற்றி வந்த வெளிச்சம் அதன் கைப்பிடி மடங்கும் இடுக்கில் நின்றது. மேலெல்லாம் யாரோ ஈரத்துணி போட்டு அழுத்தித் துடைத்திருந்தார்கள். இடுக்கில் துணி போகவில்லை. அங்கே காய்ந்த சந்தனமும் ஒரு பொட்டு குங்குமமும் ஒளிந்திருந்தன.

"சார், இன்னொன்னைக் கொஞ்சம் சாச்சுக் காட்டுங்க."

"நானா?"

"நாங்கதான் தொடக் கூடாதே," என்றேன் நான்.

எஸ்.ஐ. முனகிக்கொண்டே சாய்த்தார். அடிப்பக்கம் ஏதோ பிசுக்கில் ஒட்டிக்கொண்டு நீல நிறத்தில் ஒரு காகிதத் துண்டு. நாக்கு மாதிரி மெலிசு, பளபளப்பு. அவர் அதைப் பிய்த்துக் குப்பை என்று போடப் போனார். மேடம் கை நீட்டி வாங்கிக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டார்.

"வானத்துல ஒரு துண்டு விழுந்துடுச்சு போல," என்றேன்.

"வாய மூடிட்டு வெளிய வா."

வெளியே வந்ததும் மேடம் கேட்டார். "பேட்டரி வாங்கினது எப்போ?"

"பொங்கல் கழிச்சு."

"ஆயுத பூஜை எப்போ வந்துது?"

"போன அக்டோபர்ல."

"பொங்கலுக்கு வாங்கின பேட்டரிக்கு அக்டோபர்ல யார் பொட்டு வெச்சது?"

"மேடம், இதத்தான் எஸ்.ஐ.யும் சொல்வாரு. எவனோ பூஜை போட்ட பழைய பேட்டரிய எக்ஸ்சேஞ்ச்ல எடுத்து, அண்ணன் அதையே புதுசுன்னு தள்ளிட்டாருன்னு. இந்தப் பொட்டு நம்மள காப்பாத்தாது, குழியிலதான் தள்ளும்."

"சொல்லட்டும். அந்தோணிசாமி கடை ஸ்டிக்கர் ஒட்டின பழைய பேட்டரி வேற யார்கிட்ட இருக்கும்?"

நான் யோசித்தேன். பழைய கஸ்டமர்கள். அக்கா அதைச் சொல்லித்தான் அனுப்பியிருந்தார்.

"பக்கத்துல இருக்கறது சின்னவர்தான்," என்றேன். "ஷேர் ஆட்டோவுல போயிடலாம்."

*

அருள்முருகனின் பிரவுசிங் சென்டரில் எல்லா மானிட்டர் நெற்றியிலும் போன ஆயுத பூஜையின் பொட்டு இன்னும் இருந்தது. சிபியுவில் இருந்தது, பிரிண்டரில் இருந்தது, சுவரில் மாட்டிய ஃபேன் ரெகுலேட்டரில்கூட இருந்தது. யாரோ பயபக்தியோடு ஒரு கிண்ணம் சந்தனத்தைத் தீர்த்திருக்கிறார்கள்.

ஆள் முப்பத்தைந்து வயதுக்குள். தாடி மழிக்கவில்லை. அப்பா செத்த துக்கம் முகத்தில் நிஜமாகவே இருந்தது, அதைச் சொல்லத்தான் வேண்டும்.

மேடம் தன்னை யார் என்று சொல்லிவிட்டு, அவர் பதில் சொல்வதற்குள் மூலையில் இருந்த யூ.பி.எஸ். பக்கம் போய்விட்டார். சூடு போகட்டும் என்று அதன் பக்கத்து மூடியைக் கழற்றியே வைத்திருந்தார்கள். உள்ளே இரண்டு பேட்டரி. ஒன்றின் முகத்தில் சந்தனப்பட்டை, நடுவில் குங்குமம். பக்கத்தில் இருந்தது பளிச்சென்று துடைத்த முகத்தோடு இருந்தது. அதன் மேல் அந்தோணிசாமி கடை ஸ்டிக்கர், பேனா மை காயாத மாதிரி ஜனவரி தேதி.

"ஏன் சார்," என்று நான் கேட்டேன், "எல்லாத்துக்கும் பொட்டு வெச்சிருக்கீங்க, இது மட்டும் எங்க சர்ச்சுக்குப் போகுதா?"

அருள்முருகன் அதைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"அது என்னோடது," என்றார். "அப்பாவுக்குன்னு நான் வாங்கிக் குடுத்தது. அண்ணன் ஒன்னு, நான் ஒன்னு. என்னோடதத்தான் எடுத்தேன்."

"அவர் மூக்குல குழாய் இருக்கும்போதா?" என்றார் மேடம்.

"பரிட்சை ரிசல்ட், அப்ளிகேஷன்னு ஆளுங்க வர்ற நேரம் மேடம். கரண்ட் போனா எழுந்து போயிடுறாங்க. கடலூர், பாண்டி வரைக்கும் கேட்டேன், எங்கயும் ஸ்டாக் இல்லன்னுட்டாங்க. கொஞ்ச நாளைக்குன்னுதான் எடுத்தேன். சும்மாவும் எடுக்கல. என்னோட பழசு ஒன்ன அங்க வெச்சுட்டுத்தான் வந்தேன். மீட்டர் வெச்சுப் பாத்தேன், பன்னண்டு வோல்ட் காட்டுச்சு."

"சும்மா இருக்கும்போது காட்டும். சுமை ஏத்தினா படுத்துடும்."

"அது எனக்குத் தெரியல. ரெண்டு மணி நேரம் ஓடுறது ஒரு மணி நேரமாவது ஓடும்னு நெனச்சேன். அண்ணனோடது முழுசா இருக்கேன்னு." அவர் குரல் உயர்ந்தது. "அது டூப்ளிகேட்டுன்னு எனக்கு எப்படித் தெரியும்? போலீஸ் திறந்து ரெண்டுமே பழசுன்னு சொன்னப்போதான் தெரிஞ்சுது. ஒன்னு நான் வெச்சது. இன்னொன்னு? அத வித்தது அந்த ஆளுதானே?"

"அதனால அவர் ஜெயிலுக்குப் போனா பரவால்லன்னு விட்டுட்டீங்க," என்றேன்.

"பாதி தப்பு அவுருதுதானே?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பாதித் தப்புக்கு ஒரு மனிதனை முழுதாக உள்ளே அனுப்பிவிட்டு, மீதிப் பாதியைக் கடை மூலையில் வைத்துக் கரண்ட் எடுத்துக்கொண்டிருக்கிறான்.

"இப்ப உங்க யூ.பி.எஸ். எவ்வளவு நேரம் நிக்குது?" என்று மேடம் சம்பந்தமில்லாமல் கேட்டார்.

"அதான் மேடம் கொடும. புதுசு போட்டும் பத்து நிமிஷம்தான். பழையபடியே இருக்கு."

மேடம் வெளியே வந்துவிட்டார். காலையில் அக்கா சொன்னது என் காதில் கேட்டது. பழசு புதுசையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போய்விடும். அந்தப் புது பேட்டரி அப்பனுக்கும் உதவவில்லை, மகனுக்கும் உதவவில்லை. இந்த லட்சணத்துக்குத்தான் அதைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறான்.

"ஒரு பேட்டரிக்குக் கணக்கு ஆயிடுச்சு மேடம்," என்றேன். "இன்னொன்னு?"

"அது விளங்காத வரைக்கும் அந்தோணிசாமிதான் கொலைகாரன். பாதி ஜாமீன் எந்த ஜட்ஜும் கொடுக்க மாட்டார்."

*

கீழவீதி ஸ்டூடியோவில் கதிர்வேல் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து யாரோ ஒரு பெண்ணின் முகப்பருவை அழித்துக்கொண்டிருந்தார். தம்பியைவிட கனத்த ஆள். தம்பி செய்ததை மேடம் ஒரே மூச்சில் சொன்னதும் மவுஸைக் கீழே போட்டார்.

"எனக்குத் தெரியும்," என்றார். "எனக்குத் தெரியும் மேடம். சின்ன வயசுலயே அப்பா தட்டுலேர்ந்து மீன எடுத்துத் தின்னவன் அவன். இப்ப மூச்சையே எடுத்துட்டான். அவன் பேர புகார்ல சேத்து எழுதுங்க. எங்க வேணா கையெழுத்துப் போடறேன். கூடப் பொறந்தவனாச்சேன்னு பாக்க மாட்டேன்."

"அந்தோணிசாமி மேல இருக்கற புகார்?"

"அது அப்படியே இருக்கட்டும். என்னோட பேட்டரியும் பழசுதானே? அத குடுத்தது அந்த ஆளுதானே? ரெண்டு பேரும் உள்ள போகட்டும்."

அண்ணன் தம்பி இருவரும் ஒரே வாத்தியாரிடம் படித்திருப்பார்கள் போல, பதில்கூட மாறவில்லை. நான் இதைச் சொல்ல வாயெடுத்த நேரத்தில் கரண்ட் போனது. தெருவே ஒரு கணம் சத்தமில்லாமல் ஆனது. மேஜைக்கு அடியில் யூ.பி.எஸ். ஒரு தடவை பீப் அடித்துவிட்டுச் சுமையை வாங்கிக்கொண்டது. கதிர்வேல் அவசரமாக மவுஸை எடுத்தார்.

"ஒரு நிமிஷம் மேடம், இத சேவ் பண்ணிடறேன்."

அவர் சேவ் பண்ணுவதற்குள் பீப் சத்தம் நெருங்கி நெருங்கி வந்து ஒரே இழுப்பாக இழுத்தது. திரை கறுத்தது. முகப்பருவோடு அந்தப் பெண்ணும் காணாமல் போனாள்.

"சனியன்," என்று காலால் ஓர் உதை விட்டார். "புதுசு போட்டும் நிக்க மாட்டேங்குது."

சொன்ன வாய் அப்படியே நின்றது. தெருவிலிருந்து வந்த வெளிச்சத்தில் அவர் முகம் சரியாகத் தெரியவில்லை. தெரியாமல் இருந்ததே நல்லது.

"எத்தனை புதுசு போட்டீங்க?" என்றார் மேடம்.

கதிர்வேல் கறுத்த திரையையே பார்த்தார்.

"ரெண்டா, ஒன்னா?"

மேடம் கைப்பையைத் திறந்து அந்த நீலத் துண்டை எடுத்தார். எனக்கு அப்போதுதான் கீழே பார்க்கத் தோன்றியது. கட்டிங் மிஷினைச் சுற்றித் தரை முழுக்க அதே மாதிரி துண்டுகள். பாஸ்போர்ட் போட்டோவின் நீலப் பின்னணியை ஓரம் வெட்டினால் விழுகிற குப்பை. கூட்டாமல் விட்டால் எதன் அடியிலும் ஒட்டிக்கொள்ளும். யூ.பி.எஸ். பேட்டரியின் அடியிலும்.

"இது பெரியவர் கட்டிலுக்குப் பக்கத்துல இருந்த பேட்டரிக்கு அடியில கெடைச்சுது," என்றார் மேடம். "சின்னவர் வெச்சதுல சந்தனம் இருந்துது. இது உங்களோடது."

கதிர்வேல் அந்தத் துண்டை வாங்கிப் பார்த்துவிட்டுப் பேசினார். குரலில் அந்தக் கனம் போய்விட்டிருந்தது.

"ஒன்னுதான் எடுத்தேன் மேடம். என்னோடதத்தான் எடுத்தேன். பதிலுக்குப் பழசு வெச்சேன். தம்பியோடது முழுசா இருக்கேன்னு நெனச்சேன்."

அதே வார்த்தை. ஆள்தான் வேறு.

இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது. ஒருவன் எடுத்தது இன்னொருவனுக்குத் தெரியாது. அவரவர் தன் பங்கைத்தான் எடுத்துக்கொண்டார்கள். அப்பன் செத்து, போலீஸ் வந்து இரண்டுமே பழசு என்றபோது, அப்பாடா, என்னுடையது மட்டும் இல்லை, மற்றது அந்தக் கடைக்காரன் ஏமாற்றியது என்று இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் நிம்மதி வந்திருக்கிறது. அந்த நிம்மதியில்தான் சேர்ந்து கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள்.

*

எஸ்.ஐ.யையும் அண்ணன் தம்பியையும் மேடம் பெரியவர் வீட்டுக்கே வரவழைத்தார். மேலவீதிக்குப் பின்னால் பழைய வீடு. முன்கட்டு யாருக்கு என்று கேஸ் நடப்பதால் அதைப் பூட்டி வைத்திருந்தார்கள். பின்கட்டில் ஓர் அறைதான் பெரியவருக்கு. அன்றைக்கு மிஷினின் அலாரம் கத்தியதை யாரும் கேட்காததற்கு இதுதான் காரணம். கரண்ட் இன்னும் வரவில்லை. கட்டில் காலியாக இருந்தது. மூலையில் மிஷின் மேல் ஒரு வேட்டியைப் போட்டு மூடியிருந்தார்கள். செல்லாயி அம்மா வாசப்படியில் உட்கார்ந்திருந்தார். காரியம் முடியும்வரை விளக்கேற்றிப் போகச் சொல்லியிருந்தார்களாம்.

மேடம் நடந்ததைச் சொல்லி முடித்ததும் எஸ்.ஐ. தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்.

"அப்போ அந்தோணிசாமி குடுத்த ரெண்டும்..."

"ஒன்னு அண்ணாமலைநகர்ல, ஒன்னு கீழவீதியில. ரெண்டும் புது பேட்டரி. இன்னிக்கே போனீங்கன்னா எடுத்துக்கலாம்."

"நாளைக்கு ஜாமீனுக்கு நான் ஆட்சேபணை சொல்லல மேடம்," என்றார் எஸ்.ஐ. மெதுவாக. அவ்வளவுதான். எங்கள் அண்ணனுக்கு அதுவே போதும்.

நான் நினைத்தது, அண்ணன் தம்பி இரண்டு பேரும் இப்போது அழுவார்கள், இல்லை தலையில் அடித்துக்கொள்வார்கள் என்று. என்னைச் சொல்ல வேண்டும்.

"நீ எப்ப எடுத்த?" என்றார் கதிர்வேல்.

"நீ எப்ப எடுத்த, அத சொல்லுண்ணே மொதல்ல."

"நான் மாசி மகத்துக்கு முன்னாடியே எடுத்துட்டேன். அதுக்கப்புறமும் கரண்ட் போச்சு, அப்பா நல்லாத்தான் இருந்தாரு. உன்னோடது இருந்துச்சு. நீ எடுத்தப்புறம்தான்..."

"நானும் மகத்துக்கு முன்னாடிதான். நான் எடுத்தப்ப உன்னோடது பழசா இருந்திருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்காதா?"

"இருட்டுல உனக்கு என்ன தெரியும்?"

"பின்ன உனக்கு மட்டும் தெரியுமா?"

எனக்குப் புரியவே கொஞ்ச நேரம் ஆனது. முதலில் எடுத்தவன் திருடன் மட்டும்தான். இரண்டாவதாக எடுத்தவன்தான் அப்பனைக் கொன்றவன். யார் இரண்டாவது என்பதற்காக இரண்டு பேரும் காலிக் கட்டிலுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். சொத்து பிரித்தபோதுகூட இவ்வளவு வேகம் இருந்திருக்காது.

"பெரியவருக்குத் தெரியும்," என்றார் செல்லாயி அம்மா.

இருவரும் நிறுத்தினார்கள்.

"அவுருக்கு எல்லாம் தெரியும் சாமி. போறதுக்கு ரெண்டு நாளு முன்னாடி எங்கிட்ட ஓலை விசிறி கேட்டாரு. இன்னாத்துக்கு சாமி, அதான் யூ.பி.எஸ்ஸு இருக்கேன்னேன். இருக்கு செல்லாயி, ரெண்டும் பழசுன்னாரு. எனக்குப் பகீர்னு ஆயிடுச்சு. புள்ளைங்ககிட்ட சொல்லிட்டு வரட்டான்னேன். வேணாம்னுட்டாரு. பெரிய தம்பி எடுத்துகினு போறப்ப சின்னவன்கிட்ட சொல்லாதப்பான்னு சொல்லிச்சாம். சின்ன தம்பி எடுத்துகினு போறப்ப அண்ணன்கிட்ட சொல்லாதப்பான்னு சொல்லிச்சாம். ரெண்டு பேருக்கும் சரின்னு சொல்லிட்டேன், இப்ப யாருகிட்டன்னு சொல்றதுன்னாரு."

அந்த மனிதர் கரண்ட் போகிற ஒவ்வொரு தடவையும் என்ன நினைத்துக்கொண்டு படுத்திருப்பார் என்று எனக்குத் தோன்றியது. தோன்றியிருக்க வேண்டாம்.

"இத ஏம்மா போலீஸ்ல சொல்லல?" என்றேன். "ஒரு மனுஷன் ஜெயில்ல கெடக்குறாரு."

"என்ன யாரு கேட்டாங்க? வந்தாங்க, படம் புடிச்சாங்க, கட்டில அளந்தாங்க. சோறு வாங்கப் போனியான்னு ஒரு வார்த்த கேட்டாங்க. போனேன்னேன். அவ்ளோதான்."

எஸ்.ஐ. தொப்பியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கதிர்வேல் செல்லாயி அம்மாவுக்கு முன்னால் வந்து குனிந்தார். அருள்முருகனும் வந்தார். வருஷக்கணக்கில் பேசாத இரண்டு பேரும் தோளோடு தோள் இடிக்க நின்றார்கள்.

"கடைசியா எடுத்தது யாருன்னு அப்பா சொன்னாரா?" என்றார் கதிர்வேல்.

"சொன்னாரு."

"யாரு?"

செல்லாயி அம்மா இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு புடவையை உதறிக்கொண்டு எழுந்தார்.

"அதையும் சொல்லாதன்னுதான் சொல்லிட்டுப் போனாரு."

எஸ்.ஐ. அதட்டிப் பார்த்தார், மேடம் நயமாகக் கேட்டார். அந்த அம்மா வாயைத் திறக்கவில்லை. மாடத்தில் விளக்கை ஏற்றி வைத்துவிட்டு, கிள்ளைக்குப் பஸ் போய்விடும் என்று கிளம்பிவிட்டார்.

நாங்கள் தெருமுனைக்கு வருவதற்குள் கதிர்வேல் பின்னாலேயே ஓடி வந்தார்.

"மேடம், அந்தக் கெழவிகிட்ட நீங்க தனியா கேட்டுப் பாருங்க. உங்ககிட்ட சொல்லும். நான் இல்லன்னு மட்டும் தெரிஞ்சா போதும். தம்பிக்குத் தெரிய வேணாம்."

மேடம் அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு நடந்தார்.

பஸ் புதுச்சத்திரத்தில் நின்றபோது மேடத்தின் போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டார். அருள்முருகன்.

"மேடம், செல்லாயிகிட்ட தனியா கேட்டு எனக்கு மட்டும் சொல்றீங்களா? நான் இல்லன்னு தெரிஞ்சா போதும். அண்ணனுக்குத் தெரிய வேணாம்."

மேடம் போனை அணைத்துக் கைப்பைக்குள் போட்டார். "நீ ஏதாவது சொல்லேன்," என்றார் என்னிடம். அவர் அப்படிக் கேட்டதே கிடையாது. எனக்குச் சொல்ல ஒன்றும் இல்லை.

கடலூர் பஸ் ஸ்டாண்டில் சவரியம்மாள் அக்கா காலையில் நின்ற அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தார். அண்ணன் நாளைக்கு வந்துவிடுவார் என்று சொன்னதும் சிலுவை போட்டுக்கொண்டார். பிறகு என்ன நடந்தது என்று கேட்டார். நான் சொன்னேன், எதையும் விடாமல்.

அக்கா சந்தோஷப்படுவார் என்று பார்த்தேன். அவர் முகத்தில் அது வரவேயில்லை.

"என் மேலதான் தப்பு தம்பி," என்றார். "அவுரு அன்னிக்கு மாட்ட வெளிய போயிருந்தாரு. பில் போட்டது நான்தான். ஒரு ஜோடிக்கு ரெண்டு பில் கேட்டப்பவே, குடுக்க மாட்டேன், ரெண்டு பேரும் சேந்து வாங்கன்னு நான் சொல்லியிருக்கணும்."

அன்றைக்குக் காலையிலிருந்து நான் எத்தனையோ பேர் பேசக் கேட்டேன். தப்பு தன் மேல் என்று சொன்ன ஒரே ஆள் சவரியம்மாள் அக்காதான்.